மோட்டாரைப் பிரித்துப் பார்த்த மனிதர்: ஜி.டி.நாயுடுவும் நம் வீட்டு ஃபேனும்



மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை இதழுக்கு ஒன்றாகச் சொல்லி வருகிறோம். இந்தக் காலாண்டுக்கு ஜி.டி.நாயுடு. கோயம்புத்தூர்க்காரருக்கு உத்திரமேரூர் பக்கம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்தக் கோடையில் நம் வளாகத்தில் சில வீடுகளில் சீலிங் ஃபேன் காயில் கருகிப் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கழற்றிப் பார்த்தபோது எல்லா வீட்டிலும் ஒரே கதை. சுவிட்ச் போர்டைப் புது மாடலுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஃபேனுக்கு இருந்த பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று விளக்குக்கான டிம்மரை மாட்டியிருக்கிறார்கள். திருகினால் விளக்கு குறைகிறது, ஃபேனும் குறைந்துவிட்டுப் போகட்டும் என்ற எண்ணம்தான். ஃபேன் குறையவும் செய்கிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

விளக்கும் மோட்டாரும் ஒன்று இல்லை என்பதைச் சொல்ல, மோட்டாரோடு வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்திய ஒருவரின் கதை வழியாகப் போவதே நல்லது என்று தோன்றியது.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893 மார்ச் 23-ஆம் தேதி துரைசாமி அங்கே பிறந்தார். அப்பா பெயர் கோபால்சாமி. அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் பையனுக்கும் ஒத்துவரவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டு நிலத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கையில் கிடைத்ததைத் தானாகவே படித்துக்கொண்டார்.

இளவயதில் ஒரு நாள், அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறது! அதைப் பார்த்தவர்கள் ஊரில் பலர் இருந்திருப்பார்கள். இவர் மட்டும் வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போய், ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்து, வருஷக்கணக்கில் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம் அதை நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டதுதான். பிறகு திரும்பப் பூட்டினார். எந்தப் பாகம் எதற்கு என்று தெரியும்வரை இதே வேலை. அவர் எஞ்சினியரிங் படித்தது அந்த ஒரு வண்டியில்தான்.

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அது வேறு கதை. 1920-இல், கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அதைத் தானே ஓட்டினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., அப்படித்தான் தொடங்கியது. 1930-களின் தொடக்கத்தில் அது இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடும் கம்பெனியாகிவிட்டது. பஸ் நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்பதில் கறாரானவர் என்று பேர் எடுத்தார். நம் மேரூர் பஸ்ஸுக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் பெருமூச்சு விடலாம்.

இத்தனை பஸ்களை வைத்திருந்தால் ஒர்க்ஷாப் வேண்டும். ஒர்க்ஷாப்பில் உடைந்ததைச் சரிசெய்யும் ஆட்கள் வேண்டும். அந்த ஒர்க்ஷாப்தான் அவருக்குப் பரிசோதனைக் கூடமாக ஆனது. அதே சமயத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. 1932 முதல் அதன் மின்சாரம் கோயம்புத்தூர் சமவெளிக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் கவலை ஏற்றத்துக்குப் பதிலாகப் பம்பு வைக்கலாம் என்ற ஆசை விவசாயிகளுக்கு வந்தது. ஆனால் மோட்டார்? கப்பலில்தான் வரவேண்டும். பழுதானால் பாகத்துக்கும் கப்பலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

1937-இல் பீளமேட்டில், டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார் ஜி.டி.நாயுடு. பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவியவர். இன்று கோயம்புத்தூர் என்றால் பம்பும் மோட்டாரும் என்று நாடே சொல்கிறது. நம் சம்ப்பிலிருந்து ஓவர்ஹெட் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் பெயர்ப்பலகையை ஒரு தடவை குனிந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கோவை முகவரிதான் இருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று, நம் தலைக்கு மேலே சுற்றுவதைப் பார்ப்போம்.

சாதாரண சீலிங் ஃபேனுக்குள் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். நிகோலா டெஸ்லா 1888-இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான். காயில்களில் மாறுதிசை மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் ஒன்று வட்டமாகச் சுற்றுகிறது. அதைத் துரத்திக்கொண்டு ஃபேனின் வெளிக்கூடு சுற்றுகிறது. வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ்தான் என்பதால் காந்தப்புலத்தைச் சுற்ற வைக்க இரண்டாவது காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் வைத்திருக்கிறார்கள். கடையில் கன்டென்சர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். அது பலவீனமானால் ஃபேன் தளர்ந்துபோவதும், கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுவதும் உங்களுக்குத் தெரிந்த விஷயம்.

இந்த மோட்டாரின் வேகத்தை முதலில் தீர்மானிப்பது வோல்டேஜ் கிடையாது. மின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை தடவை திசை மாறுகிறது, மோட்டாருக்குள் எத்தனை காந்தத் துருவம் என்ற இரண்டும்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 16 துருவமுள்ள ஃபேனில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 375 சுற்று சுற்றும். இறக்கை கொஞ்சம் பின்தங்கி ஓடும். வோல்டேஜைக் குறைத்தால் காந்தப்புலம் மெதுவாகச் சுற்றாது. அதே 375-இல்தான் சுற்றும். அதன் இழுவை மட்டும் தளரும். இறக்கை இன்னும் அதிகமாகப் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் அத்தனையும் மோட்டாருக்குள் சூடாக மாறுகிறது. மெதுவாகச் சுற்றும்போது காற்றின் எதிர்ப்பும் வெகுவாகக் குறைந்துவிடுவதால் ஃபேன் இதைத் தாங்கிக்கொள்கிறது. வோல்டேஜைக் குறைத்து ஃபேன் வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர்கள் எல்லாம் இந்தச் சலுகையை வைத்துத்தான் பிழைக்கின்றன.

ஜி.டி.நாயுடுவின் பெயர் வெளிநாட்டில் பரவக் காரணமான பொருளை இங்கே சொல்ல வேண்டும். ரஸாந்த் என்ற மின்சார ஷேவிங் ரேஸர். ஜெர்மனியில் உற்பத்தியானது. உள்ளே டிரை செல்லில் ஓடும் குட்டி மோட்டார். பேட்டரியில் ஓடும் அந்த மாதிரி டி.சி. மோட்டாரின் குணம் வேறு. வோல்டேஜைக் குறைத்தால் வேகம் கூடவே குறையும். குழந்தைகளின் பொம்மைக் காரில் செல் தீரத் தீரக் கார் மெதுவாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கைக் குறைப்பதுபோல எல்லா மோட்டாரையும் குறைக்கலாம் என்ற நம்பிக்கை நமக்கு வருவது இப்படிப்பட்ட மோட்டார்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் செய்தவற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் ஒன்றும் உண்டு. மின்சாரக் கம்பி எட்டிப்பார்க்காத ஊர்கள் அன்றைக்கு எத்தனை! மெட்ராஸ் மாநிலத்தில் கிராமங்களுக்கு மின்இணைப்பு வேகமெடுத்தது 1950-களிலும் 60-களிலும்தான். அதுவரை நம் பக்கத்து ஊர்களில் கோடை இரவு என்றால் பனை விசிறி, திண்ணை, ஏரிக்கரைக் காற்று. மண்ணெண்ணெய் ஃபேன்களில் அக்காலத்தில் ஒரு வகை இருந்தது. அடியில் விளக்கு எரியும், அந்தச் சூட்டில் காற்று விரிந்து சுருங்கி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் இறக்கையைச் சுற்றும். அதில் திரியை இறக்கினால் சூடு குறைந்து ஃபேனும் மெதுவாகும். விளக்குக்கும் விசிறிக்கும் ஒரே திருகு என்பது உண்மையாகவே பொருந்திய இடம் அது ஒன்றுதான்!

இப்போது டிம்மருக்கு வருவோம். விளக்கு டிம்மர் வோல்டேஜை ஒழுங்காக இறக்கித் தருவதில்லை. மின் அலையை வெட்டித் தருகிறது. நொடிக்கு நூறு அரை அலைகள் வருகின்றன என்றால், ஒவ்வொன்றின் முன்பகுதியையும் நறுக்கிவிட்டு மீதியை அனுப்பும். குண்டு பல்புக்கு இதில் கவலை இல்லை. அதன் இழை ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில் ஆறிவிடப் போவதில்லை. மோட்டாரின் காயிலோ ஒவ்வொரு வெட்டிலும் ஓர் உதறலை வாங்குகிறது. ராத்திரியில் ஃபேனைக் குறைத்து வைத்ததும் ர்ர்ர் என்று கேட்கிறதே, அது அந்த உதறல்தான். பேரிங் என்று நினைத்து எண்ணெய் விடுகிறோம்.

காயிலில் கரண்ட் எப்போதும் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். விளக்கை மனதில் வைத்துச் செய்த டிம்மருக்கு இந்தத் தாமதம் பழக்கமில்லை. ஒரு பக்க அலைக்குத் திறந்து, மறுபக்க அலைக்குத் திறக்கத் தவறிவிடக்கூடும். அப்படி ஆனால் மோட்டாருக்குள் ஒரே திசையில் டி.சி. ஓடுவதுபோல ஆகிவிடும். இண்டக்ஷன் மோட்டாரை டி.சி. சுற்றாது, சுட மட்டும் செய்யும். கெப்பாசிட்டரும் அந்தத் திடீர் ஏற்ற இறக்கத்தில் சீக்கிரம் சாகும்.

இதைவிட மோசமான நேரம் ஒன்று இருக்கிறது. ஃபேன் கிளம்பும்போது அதன் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி வோல்டேஜ் என்றால் கால் பங்கு விசைதான். டிம்மரை அடிமட்டத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறோம். நடு இரவில் கரண்ட் போய்த் திரும்பி வருகிறது. பம்புசெட்டுகள் நிறைந்த நம் பக்கத்தில் லோ வோல்டேஜும் புதிதில்லை. தூசு படிந்த பேரிங்கோடு ஃபேன் கிளம்ப முடியாமல் நிற்கிறது, காயிலில் மட்டும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுற்றும் ஃபேன் தன் காற்றிலேயே தன்னை ஆற்றிக்கொள்ளும். நின்ற ஃபேனுக்கு அந்த வழியும் இல்லை. கருகின வாடை வந்தால்தான் நமக்கு விழிப்பு வரும். கைக்குழந்தை இருக்கும் அறையில் மெதுவாக ஓடட்டும் என்று நாம் திருகுவது இந்த அடிமட்டத்துக்குத்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் ஃபேனுக்கென்றே விற்கும் திருகு ரெகுலேட்டர்? அதுவும் அலையை வெட்டுவதுதான். ஆனால் மோட்டாருக்கு ஏற்ற பாதுகாப்பு உள்ளே இருக்கும். ஓர் அளவுக்குக் கீழே போகவும் விடாது. லேசான முனகல் இருந்தாலும் ஆபத்தில்லை. ஐந்து ஸ்டெப்பில் டக் டக் என்று மாறும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் அதைவிட நல்லது. அது அலையை வெட்டாமல் வோல்டேஜை இறக்குவதால் முனகலும் இல்லை, சூடும் இல்லை. நம் பெற்றோர் வீடுகளில் பெரிய பெட்டிபோல் ஒரு ரெகுலேட்டர் இருக்குமே, தொட்டால் சுடும். அது மிச்ச மின்சாரத்தைச் சூடாகக் கொட்டிவிடும் வகை. ஃபேனை ஒன்றில் வைத்தாலும் பில் பெரிதாகக் குறையாது என்ற பழைய பேச்சு அதற்குப் பொருந்தும். ஸ்டெப் ரெகுலேட்டருக்குப் பொருந்தாது.

பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதற்குள் காந்தமும் எலக்ட்ரானிக் போர்டும் இருக்கின்றன, வேகத்தை அந்தப் போர்டே பார்த்துக்கொள்கிறது. அதற்கு டிம்மரும் கூடாது, எந்த ரெகுலேட்டரும் கூடாது. சுவிட்சிலிருந்து நேராக ஒயர் போக வேண்டும். ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துவிட்டால் போதும் என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்கிறார்கள். யாராவது ஒருநாள் அதைத் திருகத்தானே போகிறார்கள்? எடுத்துவிடுவதே சரி. லாபம் உண்டா என்றால் உண்டு. 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஓடினால் 21.6 யூனிட். வீட்டுக்கு மூன்று ஃபேன் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி நம் மனிதரிடம் வருவோம். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பணக்கார வீட்டுக் கூடத்தில் மட்டும் பாடிக்கொண்டிருந்த காலம் அது. 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். விலை இரண்டாயிரம் ரூபாய். உற்பத்திக்கு அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அத்தோடு அது நின்றது. அந்தக் கார் ஓடியிருந்தால் நம் பார்க்கிங் தகராறு அப்போதே தொடங்கியிருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எனக்கு மனம் கனக்கும் இடம் இதுதான். மலிவாகச் செய்து காட்டத் தெரிந்த ஒருவரிடம், செய் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

படிப்பு விஷயத்திலும் அப்படித்தான். கோயம்புத்தூரில் அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் பாலிடெக்னிக்கும், 1945-இல் பொறியியல் கல்லூரியும் வர அவர்தான் முன்னின்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி., அதன் தொடர்ச்சிதான். மூன்றாம் வகுப்பு படித்தவர் அங்கே பிரின்சிபாலாக இருந்தார். நாலு வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், மீதிக் காலம் வீண் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். கருத்து சரியா தவறா என்று நம் வளாகத்துப் பேராசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். கையில் ஸ்பேனர் பிடிக்காமல் ஒருவன் எஞ்சினியர் ஆகிவிடக் கூடாது என்ற அவருடைய பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்குச் சுவையான செய்தி இன்னொன்று. யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் ஒன்றையும் அவர் செய்திருந்தார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். கி.பி. 919, 921 வாக்கில் வெட்டியது. முப்பது குடும்புகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னதும் தில்லுமுல்லுக்குப் பயந்துதான். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கவே முடியாது என்று அதில் இருக்கிறது. நம் சங்கத் தேர்தல் நெருங்குவதால் நினைவூட்டினேன், வேறொன்றும் இல்லை.

1944-லேயே பஸ் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் பணத்தை ஒதுக்கினார். பிற்காலத்தில் பருத்தி, சோளம், பப்பாளி என்று பயிர்களிலும் பரிசோதனைகள் செய்தார். அந்தத் தோட்டத்தை சர் சி.வி.ராமனே வந்து பார்த்திருக்கிறார். 1974 ஜனவரி 4-ஆம் தேதி, எண்பதாவது வயதில் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் தொழில்நுட்பக் கண்காட்சியும் கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறந்த, பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். ஊட்டிக்குப் போகும் வழியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கண்காட்சியில் அரை நாள் இறங்குங்கள்.

வீட்டில் ஃபேனுக்கு மாட்டியிருப்பது டிம்மரா ரெகுலேட்டரா என்று தெரியாதவர்கள் தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பிளாக் எண்ணையும் வீட்டு எண்ணையும் அலுவலகப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். சங்கத்தின் எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை காலைகளில் வந்து, மெயினை அணைத்துவிட்டுப் பார்த்துச் சொல்வார். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ரெகுலேட்டர் மாற்ற வேண்டியிருந்தால் பொருளின் விலையை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும்.